பத்தாவது ஆள்

பர்மாக்காரங்க மலைக்கோ காட்டுக்கோ ஒன்பது பேராக் கிளம்பமாட்டாங்க. அந்த எண்ணிக்கை ஆகாதுன்னு ஒரு பயம். ஒன்பது பேர்தான் சேர்ந்தாங்கன்னா, ஒரு கல்லை எடுத்து வண்டியில வச்சு, அதுக்கு ஒரு பேரும் வச்சு, பத்தாவது ஆளாக் கூட்டிக்கிட்டுப் போவாங்க. சாப்பிடும்போது அதுக்கும் ஒரு பிடி சோறு வைப்பாங்க. என்னைப் பொப்பா மலைக்குக் கூப்பிட்டது அந்தக் கல்லுக்குப் பதிலாத்தான். இதைக் குறையாச் சொல்லலை. அந்த வருஷம் என்னை ஏதாவது ஒரு கணக்குல சேர்த்துக்கிட்டவங்க அவங்க ஒன்பது பேர் மட்டும்தான்.

யாங்கூன் ஓரத்துல இருக்கிற லைங் தாயாவுல ஒரு ஆடைத் தொழிற்சாலையில எனக்கு வேலை. தைச்சு வர்ற சட்டையைப் புரட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கணும். பதினெட்டு வருஷமா இதுதான் பிழைப்பு. எங்க மேஜையில பத்துப் பேர், என்னைத் தவிர எல்லாரும் பர்மியப் பெண்கள். தீபத் திருவிழாவுக்கு நாலு நாள் லீவு விட்டாங்க. கொரோனாவுக்கு முந்தின வருஷம். வேன் பிடிச்சுப் பொப்பாவுக்குப் போறோம், நீயும் வான்னு எங்க மேஜை லீடர் சொன்னாங்க. என்னைவிட ரெண்டு வயசு சின்னவங்க, ஆனா அதட்டுற குரல் என் உம்மா குரல். நான் தொழுகைக்காரி, உங்க நாட் தெய்வங்களைப் பார்க்க எனக்கென்ன வேலைன்னு கேட்டேன். நீ சாமி கும்பிட வேண்டாம், எண்ணிக்கைக்கு வந்தாப் போதும்னாங்க.

போகிற மனநிலையிலா இருந்தேன்? உம்மா மௌத்தாகி ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு. நகரத்துக்குள்ள மிங்கலா தாங்ஞுன்ட்ல நாலாவது மாடியில எங்க வீடு. ஒரே அறை, ஒரு சமையல்கட்டு, ரயில் போனாக் கண்ணாடி கிலுகிலுன்னு ஆடும். அதுல நான் தனியா இருந்தேன். நாப்பத்தாறு வயசு, கல்யாணம் ஆகலை. சொந்தக்காரங்களுக்கு இது பொறுக்கலை. அதுலயும் என் காக்காவுக்குச் சுத்தமாப் பொறுக்கலை. உடன்பிறந்தவர்னு எனக்கு அவர் ஒருத்தர்தான். லைங் தாயாவுல, எங்க தொழிற்சாலைக்குப் பத்து நிமிஷ நடையில, ஒரு மளிகைக்கடை வச்சிருக்கார். மதினி இறந்து நாலு வருஷம், ஒரே மகன் மலேசியாவுல. கடைக்குப் பின்னாலேயே ரெண்டு அறை. அங்கே வந்து இரு, வீட்டை வாடகைக்கு விட்டுடலாம், ஆளும் பார்த்தாச்சு, பொம்பளை தனியா இருந்தா நாலு பேர் நாலு விதமாப் பேசுவான்னு வாரத்துக்கு மூணு தடவை போன். லீவு முடிஞ்சதும் பதில் சொல்லணும்னு கடைசியாக் கெடு வேற வச்சுட்டார்.

அவருக்கு ஒரு சமையல்காரி வேணும், அதைத் தங்கச்சி மேல அக்கறைன்னு சொல்லிக்கிறார்னு நினைச்சேன். பதினாலு வருஷம் படுக்கையில கிடந்த உம்மாவுக்குப் பார்த்தாச்சு. இனி அண்ணனுக்குச் சோறாக்கணும், அவருக்குப் பிறகு அவர் மகனுக்கா? இல்லைன்னு சொல்லத் தைரியம் இருந்திருந்தா நான் ஏன் மலைக்குப் போறேன்? யார் முகமும் பார்க்காம ஒரு நாள் நடந்து, ஒரு முடிவோட இறங்கி வரணும். அதுக்குத்தான் போனேன்.

விடிஞ்சும் விடியாம வேன் கிளம்புச்சு. ஏறுறதுக்கு முன்னால லீடர் எல்லார் அடுக்குச்சட்டியையும் திறக்கச் சொல்லிப் பார்த்தாங்க. பொப்பாவுக்குப் பன்றிக்கறி கொண்டுபோகக் கூடாது, மலைக்கு ஆகாது. என் சட்டியை மட்டும் திறக்கச் சொல்லலை. அந்தத் தடைக்கு ஒரு பழைய கதை உண்டு. ராஜாவுக்குப் பூப் பறிச்சுக் கொடுக்கிற வேலையில இந்தியாவுலேர்ந்து வந்த ஒருத்தர், அந்த மலையில பூவை மட்டுமே தின்னு வாழ்ந்த ஒரு பெண்மேல மனசை வச்சுட்டாராம். நேரத்துக்குத் திரும்பலை. ராஜா கொன்னுட்டார். அவர் முஸ்லிம். அதனாலதான் இன்னிக்கும் அந்த வழியில பன்றிக்கறி போகாதுங்கிறாங்க. பெயரைக் கேட்டதும், முகத்தைப் பார்த்ததும் என் பையை ரெண்டு தடவை துழாவுற ஊர்ல பிறந்து வளர்ந்தவ நான். நான் யாருங்கிறதாலேயே என் பையைத் திறக்காம விட்டது வாழ்க்கையில அதுதான் முதல் தடவை. சிரிப்பு வந்துச்சு, சந்தோஷமும்தான்.

அன்னிக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்து ஒரு சத்திரத்துல தங்கினோம். மறுநாள் காலையில அவங்க ஒன்பது பேரும் கோயில் இருக்கிற குன்றுக்குப் போனாங்க. அது எரிமலைத் தொண்டையில அடைச்சு நின்ன பாறைத் தூண். எல்லாரும் படத்துல பார்க்கிறது அதைத்தான், படி முழுக்கக் குரங்கு. நான் பக்கத்துல இருக்கிற பெரிய மலைக்குப் போறேன்னேன். எரிமலைன்னா அதுதான் அசல் எரிமலை, நெருப்பு அணைஞ்சு எத்தனையோ ஆயிரம் வருஷம். எண்ணிக்கை ஒன்பதாயிடுதேன்னு லீடருக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. தனியாவான்னு மூணு தடவை கேட்டாங்க. ஒரு மணிக்குள்ள வேன்கிட்ட வந்துடணும்னு சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் விட்டாங்க.

காட்டிலாகா நாற்றங்கால் பக்கத்துல ஒரு வாசல். காவலர் நோட்டுல எழுதிக்கிட்டு எத்தனை பேர்னு கேட்டார். ஒருத்தின்னேன். பேனாவை வச்சுட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். வழிகாட்டி ஆள் கூட்டிக்கச் சொன்னார். வேண்டாம்னேன், கொழுப்பு. பாம்பு அதிகம், மத்தியானத்துக்கு மேல மேகமும் இறங்கும், அதுக்கு முன்னால திரும்பிடுங்கன்னு சொன்னார். பேச்சுவாக்குல, அவர் அப்பா காலத்துல இந்த மலை பாதி உயரம் வரைக்கும் மொட்டைன்னார். கீழே ஊர் ஊராப் பனங்கருப்பட்டி காய்ச்சுவாங்க, அத்தனை அடுப்புக்கும் விறகு இங்கேர்ந்துதான் போச்சாம். அப்புறம் அரசாங்கம் தடுத்து, ஆள் வச்சு, கன்னு நட்டிருக்காங்க.

கீழ்ச்சரிவுல நடந்தப்பவே அது தெரிஞ்சுச்சு. தேக்கும் வேற என்னென்னமோ மரமும் வரிசை பிடிச்சு, தையல் போட்ட மாதிரி நேரா நின்னுச்சு. என் கண்ணு பழக்கதோஷம், வரிசையைத்தான் முதல்ல பார்க்கும். ஒரு மரத்துக்கும் அடுத்ததுக்கும் ஒரே இடைவெளி. நல்ல வேலைன்னு நினைச்சேன். இன்னும் கொஞ்சம் மேலே போனா வரிசை கலைஞ்சு போச்சு. நட்ட மரங்களுக்கு நடுவுல யாரும் நடாத கன்னுங்க, கோணல்மாணலா, ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்சு. தொழிற்சாலையா இருந்தா அத்தனையையும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனா அங்கேதான் குருவி சத்தமே கேட்டுச்சு.

மண்ணு கறுப்பு. சில இடத்துல செங்கல் பொடி நிறத்துல சரளை, கால் வச்சாப் பொரி மிதிச்ச மாதிரி நொறுங்கும். ஒரு கல்லைக் கையில எடுத்துப் பார்த்தேன், பார்க்க இட்லி அளவு, கனமே இல்லை, உள்ளெல்லாம் ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ள பாசி. பாசி மேல நகக்கண் அளவுக்கு ஒரு பெரணி. எனக்கு அந்த மலை மேல ரொம்பப் பாவமா இருந்துச்சு. தானா ஒரு தடவை எரிஞ்சு முடிச்சு, மெதுவா ஒரு காடு வளர்த்து வச்சா, நாம வந்து அதையும் வெட்டி வெட்டி அடுப்புல வச்சிருக்கோம். அப்படியும் அது கோவிச்சுக்கிட்டு உட்காரலை. மறுபடியும் பாசியிலேர்ந்து ஆரம்பிச்சிருக்கு.

பத்தரை மணி வாக்குல எரிமலை வாயோட விளிம்புக்கு வந்தேன். ஒரு பக்கம் இடிஞ்சு விழுந்த பெரிய கிண்ணம், அடிவரைக்கும் பச்சை. விளிம்புல புல்லு மட்டும்தான், இடுப்பளவு. காத்து அடிச்சு என் முக்காட்டைப் பறிச்சுக்கிட்டுப் போகப் பார்த்துச்சு. கண்ணுக்கு எட்டுன வரைக்கும் ஒரு ஆள் இல்லை. நான் பிறந்ததுலேர்ந்து அப்படி ஒரு இடத்துல நின்னதில்லை. வீட்டுல உம்மா, பஸ்ல கூட்டம், மேஜையில ஒன்பது பேர், மாடிப்படியில நாலு மாடி ஜனம். உம்மா போனப்புறம் வீட்டுல தனியாத்தான் இருந்தேன், ஆனா அக்கம்பக்கத்து டிவி சத்தம் சுவர் வழியா வந்துக்கிட்டே இருக்கும்.

அங்கே உட்கார்ந்து ரொட்டியும் வேகவச்ச முட்டையும் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே அழுகை வந்துடுச்சு. உம்மா மையத்து எடுத்தப்பக்கூட எனக்கு ஒழுங்கா அழுகை வரலை. கல்நெஞ்சக்காரின்னு உம்மாவோட தங்கச்சி, என் சாச்சி, என் காது கேட்கவே சொன்னாங்க. உண்மை அதைவிட மோசம். அன்னிக்கு எல்லாரும் போனப்புறம் படுத்து, பொழுது விடியறவரை ஒரே தூக்கமாத் தூங்கினேன். பதினாலு வருஷத்துல யாரும் என்னை எழுப்பாத தூக்கம். எழுந்ததும் எனக்கு வந்த முதல் உணர்ச்சி நிம்மதி. அதை யார்கிட்டயும் சொன்னதில்லை. அந்த விளிம்புல உட்கார்ந்து வாய் விட்டுச் சொன்னேன், உம்மா, நீங்க போனப்புறம் எனக்கு நிம்மதியா இருந்துச்சு, என்னை மன்னிச்சுடுங்கன்னு. காத்து அதைத் தூக்கிக்கிட்டுப் போச்சு. கொஞ்ச நேரத்துல மனசு லேசாச்சு. முடிவும் வந்துடுச்சு. காக்கா வீட்டுக்குப் போகமாட்டேன். என் வீட்டுல என் சோத்தை நான் ஆக்கித் தின்னுட்டு, என் கதவை நானே பூட்டிக்கிட்டு இருப்பேன். சொல்ல வேண்டிய வார்த்தையைக்கூட அடுக்கி வச்சுக்கிட்டேன்.

அந்த மிதப்புல நேரத்தைப் பார்க்கலை. எழுந்து திரும்பினா மேகம் இறங்கியிருந்துச்சு. கிண்ணம் இல்லை, கீழே ஊர் இல்லை, பத்தடிக்கு அப்பால் புல்லே இல்லை, எல்லாம் வெள்ளை. சரி, வந்த வழிதானேன்னு நடந்தேன். கால் மணி நேரம் நடந்தப்புறம் காலடியில நான் பார்க்காத ஒரு பாறை. இன்னும் கொஞ்ச தூரம் போனா சரிவு, தப்பான பக்கத்துச் சரிவு. பொப்பாவுல பாம்பு அதிகம்னு காவலர் சொன்னது அப்பத்தானா நினைவுக்கு வரணும்?

எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. தையல் எங்கே கோணிச்சுன்னு பிடிபடலைன்னா முன்னால தேடக் கூடாது. கடைசியா நேரா இருந்த தையல் எதுன்னு பார்த்து, அங்கே திரும்பிப் போய், அங்கேர்ந்து ஒவ்வொண்ணா விரல் வச்சு வரணும். புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு நான்தான் இதைத் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுப்பேன். அங்கே எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். புல்லு மிதிபட்ட தடத்தைக் குனிஞ்சு பார்த்துப் பார்த்து, நான் சாப்பிட்ட இடத்துக்கே திரும்பினேன். முட்டை ஓடு கிடந்துச்சு. அல்லாவே, அந்த முட்டை ஓட்டைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம். அங்கே நின்னு, காலையில வந்தப்போ காத்து எந்தக் கன்னத்துல அடிச்சுச்சுன்னு யோசிச்சு, கண்ணுக்குத் தெரிஞ்ச ஒரு செடி வரைக்கும் நடந்தேன். அங்கே வழி இல்லைன்னா முட்டை ஓட்டுக்கே திரும்புவேன். மூணாவது தடவையில செஞ்சரளைப் பாதை காலுக்குத் தட்டுப்பட்டுச்சு. அதுக்கப்புறம் வரிசை மரம் வந்ததும் எனக்கு உசிர் வந்துச்சு.

கீழே போய்ச் சேர்ந்தப்போ மணி மூணரை. காவலர் நோட்டை மூடிட்டு என்னைத் தேட ஆளைத் திரட்டிக்கிட்டு இருந்தார். சத்திரத்து வாசல்ல வேன். ஒன்பது பேரும் அதுக்குள்ளேயும் ஏறாம வெளியேயும் நிற்காம, கதவைச் சுத்தி நெருக்கியடிச்சு நின்னாங்க. டீ குடிக்கக்கூட ஒருத்தி நகரலையாம். என் சீட்டுல ஒரு கல்லு இருந்துச்சு. அதுக்கு நான் வேன்ல விட்டுட்டுப் போன சால்வையைப் போர்த்தி, முன்னால ஒரு பொட்டலம் சோறு, தண்ணிப் பாட்டில். என் பேரைச் சொல்லி, வா, சாப்பிடுன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்களாம்.

நான் சிரிச்சுட்டேன். லீடர் என்னை அறையாத குறை. பர்மிய மொழியில இருக்கிற வசவு அத்தனையும் எனக்கு வந்துச்சு. அந்தப் பூக்காரரும் இப்படித்தான் நேரத்துக்குத் திரும்பலை, தெரியும்தானேன்னு கேட்டாங்க. கேட்டுட்டு என் தோள்ல முகத்தை வச்சு அழுதாங்க. ரெண்டரை மணி நேரம் ஒன்பது பேரா நின்னுருக்காங்க, உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு. நான் இல்லாத இடத்தை அவங்க ஒரு நிமிஷம்கூடக் காலியா விடலை. கல்லை எடுத்துக் கீழே வைக்கும்போதுகூட லீடர் அதுகிட்ட நன்றி சொல்லிட்டுத்தான் வச்சாங்க.

யாங்கூன் வந்த மறுநாளே லைங் தாயாவுக்குப் போனேன். லீவுல ஒரு நாள் மிச்சம் இருந்துச்சு. வழி முழுக்க, அடுக்கி வச்ச வார்த்தையை உதட்டுல உருட்டிக்கிட்டே போனேன். கடையில காக்கா முக்காலியில உட்கார்ந்திருந்தார். நான் எதிர்ல இருந்த மூட்டை மேல உட்கார்ந்து, மூச்சு விடாமச் சொல்லிட்டேன். நான் வரமாட்டேன், வீட்டை வாடகைக்கு விடக் கூடாது, யார் என்ன பேசினாலும் எனக்குக் கவலை இல்லை, உங்களுக்குச் சமையலுக்கு ஆள் வேணும்னா சம்பளத்துக்கு வைங்க. கடைசியா சொன்னது அடுக்கி வச்சதுல இல்லை, கோபத்துல வந்துச்சு.

அவர் பதில் சொல்றதுக்குள்ள ஒரு தொழிற்சாலைப் பொண்ணு வந்து ஷாம்பு பாக்கெட் கேட்டுச்சு. காக்கா திரும்பி, மேலே சரம் சரமாத் தொங்கினதைக் கையால தடவிக்கிட்டே போனார். அந்தப் பொண்ணு சாதாரணமா, இன்னும் இடது பக்கம் சித்தப்பா, அதுக்கு அடுத்ததுன்னு பர்மிய மொழியில சொல்லுச்சு. தானே காசைப் போட்டுட்டுப் போச்சு. அடுத்து வந்தவளும் அப்படித்தான். தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. பதினெட்டு வருஷமாக் குறை கண்டுபிடிக்கிறதையே வேலையா வச்சிருக்கிற எனக்குத் தெரியலை. கோபத்துல அவர் முகத்தையே நான் சரியாப் பார்க்கலை.

எப்பலேர்ந்துன்னு கேட்டேன். ரெண்டு வருஷம்னார். கண்ணுல அழுத்தமாம், ஓரத்துலேர்ந்து இருட்டிக்கிட்டே வருதாம், போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஏன் என்கிட்ட சொல்லலைன்னு கேட்டேன்.

"உன்னைப் பார்த்துக்கத்தான் கூப்பிடறேன்னு சொல்றது எனக்கு லேசா இருந்துச்சு," ன்னார்.

அப்போ நீங்க என் வீட்டுக்கு வந்துடுங்க, நான் பார்த்துக்கிறேன்னேன். தலையை ஆட்டினார். அரிசி டின் மேல கையை வச்சார், அப்புறம் பருப்பு, அப்புறம் தீப்பெட்டிக் கட்டு.

"இங்கே எது எங்கே இருக்குன்னு என் கைக்குத் தெரியும். கடைக்குள்ள இருக்கிறவரை நான் கடைக்காரன். உன் மாடிக்கு வந்தா நான் குருடன்."

என் வீட்டை நான் விடமாட்டேன்னு சொன்னதுக்கும் இதேதானே காரணம். அவர் பயத்தை அக்கறைன்னு சொன்னார். நான் அதைச் சமையல்காரி தேடறார்னு சொன்னேன். தெருவுல தொழிற்சாலை பஸ் ஒண்ணு போச்சு.

திங்கட்கிழமைலேர்ந்து வேலை நாள்ல இங்கே இருக்கேன்னேன். வீட்டு வாடகைப் பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலமானா நான் கிளம்பி என் வீட்டுக்குப் போயிடுவேன், ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கே இருப்பேன், தனியா. யாரும் போன் பண்ணக் கூடாது.

பேரம் பேசுவார்னு நினைச்சேன். ஞாயிற்றுக்கிழமையும் இருன்னு இழுப்பார், ஜனங்க பேசுவாங்கம்பார்னு எதிர்பார்த்தேன். அவர் உடனே, "அது போதும்மா, அது தாராளம்," ன்னார். அவ்வளவு சீக்கிரமா ஒத்துக்கிட்டார். எத்தனை நாளா எவ்வளவு பயந்திருந்தா ஒரு மனுஷன் அப்படி ஒத்துக்குவான்னு நினைச்சேன், எனக்குத் தாங்கலை. கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டுச்சு. அவருக்கு நேர் எதிர்ல, ரெண்டு கை தூரத்துல உட்கார்ந்திருக்கேன். அவர் பாட்டுக்குத் தீப்பெட்டிக் கட்டை ஒழுங்குபண்ணிக்கிட்டு, மலை எப்படி இருந்துச்சு, சாப்பாடு கிடைச்சுச்சான்னு சிரிச்ச முகமாக் கேட்டுக்கிட்டு இருந்தார்.

"காக்கா," ன்னேன், "நான் அழுதுக்கிட்டு இருக்கேன்."